கவுன்சில் பராமரிப்புக் கட்டணம்: பில் வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டியவை

இங்கிலாந்தில் மருத்துவமனையில் படுத்தால் காசு இல்லை. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை எடுத்துத் தரும் கேரருக்குக் காசு உண்டு. இந்த வித்தியாசத்தை யாரும் முதலிலேயே உட்கார வைத்துச் சொல்வதில்லை. என் மாமியாருக்குக் கேரர் வரத் தொடங்கிப் பல மாதங்கள் கழித்துத்தான் கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளாட்சி மன்றத்திலிருந்து, பில் வந்தது. ஒரே ஒரு மொத்தத் தொகை. எந்த வாரத்துக்கு எவ்வளவு, எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. "காசு கேப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேனே" என்றார். அதன்பிறகு சில நாள் கேரருக்குக் கதவையே திறக்கவில்லை.

அந்தப் பில்லைச் சரிசெய்ய அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கட்டணத்தை நேரத்துக்குச் சொல்லாவிட்டால் வயதானவர்கள் பயந்துபோய் பராமரிப்பையே விட்டுவிடுகிறார்கள். அது பில்லை விடப் பெரிய நஷ்டம்.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் சட்டம்தான் அடிப்படை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. தொகைகள் 2025–26ஆம் நிதியாண்டுக்கு உரியவை. பல தொகைகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், அந்த வருடத்துத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எது இலவசம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

உங்கள் அம்மாவுக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கும் தேவை மதிப்பீடு எல்லோருக்கும் இலவசம். எவ்வளவு சேமிப்பு இருந்தாலும் கவுன்சில் அதைச் செய்தே ஆக வேண்டும். குளியலறைக் கைப்பிடி, கமோட் நாற்காலி போன்ற உபகரணங்களும், 1,000 பவுண்டுக்குள் அடங்கும் சிறு வீட்டு மாற்றங்களும் இலவசம்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் திரும்பத் தானே நடமாடப் பழக்கும் சேவைக்கு ரீஏபிள்மென்ட் என்று பெயர். ஆறு வாரம் வரைக்கும் அதற்குக் காசு வாங்கக் கூடாது. "ஆறு வாரம் வரை" என்பதைக் கவனியுங்கள். அம்மா தேறிவிட்டார் என்று மூன்றாம் வாரத்திலேயே முடித்துவிடலாம். பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை தொடங்குவது இங்கேதான். இலவச வாரம் முடிந்த மறுநாளும் அதே மாதிரி யூனிஃபார்மில் ஒருவர் வந்து அதே வேலையைச் செய்வார். ஆனால் அன்றிலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கியிருக்கும். அதனால் டிஸ்சார்ஜ் செய்யும்போதே கேளுங்கள்: இது இலவசச் சேவையா, எந்தத் தேதி வரை, அதற்குப் பிறகு எவ்வளவு?

உடல்நிலை மிக மோசமாக இருந்து, முதன்மைத் தேவை மருத்துவம் சார்ந்தது என்று முடிவானால் முழுச் செலவையும் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஏற்கும் கன்டினியூயிங் ஹெல்த்கேர் திட்டமும் இருக்கிறது. கிடைப்பது கடினம். இருந்தாலும் பரிசீலிக்கச் சொல்லி வார்டிலேயே கேட்டுவிடுங்கள்.

2. நிதி மதிப்பீட்டை அதே நாளில் கேளுங்கள்

தேவை மதிப்பீட்டைச் செய்வது சோஷியல் வொர்க்கர். அம்மா எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்ப்பது வேறொரு குழு, அதுதான் ஃபைனான்ஷியல் அசெஸ்மென்ட். இந்த இரண்டு குழுக்களுக்கும் நடுவில்தான் மாதங்கள் தொலைந்துபோகின்றன. கேரர் உடனே வந்துவிடுவார், ஃபார்ம் மெதுவாக வரும். ஃபார்ம் தாமதமானாலும் கட்டணத்தைக் கேரர் வந்த நாளிலிருந்து சேர்த்துக் கேட்க முடியும். அதனால் சோஷியல் வொர்க்கர் வந்த அன்றைக்கே அவருக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்கள். அதில் நான்கே கேள்விகள் போதும்:

கட்டணம் எந்தத் தேதியிலிருந்து தொடங்கும்? நிதி மதிப்பீட்டு ஃபார்ம் எப்போது வரும், யாரிடம் பேச வேண்டும்? இந்தப் பராமரிப்புக்கு வாரம் மொத்தம் எவ்வளவு செலவாகும்? மதிப்பீடு முடியும் முன் உத்தேசமாக எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

போனில் சொன்னால் சரி என்று விட்டுவிடாதீர்கள். "இன்று நீங்கள் போனில் சொன்னது இது" என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் புகார் செய்ய நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

காசு விஷயம் பேசும்போது பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பாட்டியின் சேமிப்பைப் பேரனிடம் கேட்டுச் சொல்ல வைப்பது இரண்டு பேருக்கும் சங்கடம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலிடமே கேளுங்கள். கட்டணத்தைப் பற்றிப் புரியும்படி தகவல் தருவது சட்டப்படி அவர்கள் கடமை.

3. காகிதங்கள்

பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாக் கணக்குகளுக்கும். பெரும்பாலும் கடைசி மூன்று மாதம், சில கவுன்சில்கள் அதிகமாகவும் கேட்கும். அரசு பென்ஷன், பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் கூடுதல் தொகை) கடிதங்கள். தனியார் பென்ஷன் இருந்தால் அதன் ஸ்லிப். ஐஎஸ்ஏ (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு), பிரீமியம் பாண்ட் (அரசு சேமிப்புப் பத்திரம்) விவரம். வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில். அம்மா சார்பில் நீங்கள் பேசுவதென்றால் அதற்கான அதிகாரப் பத்திரம். நினைவாற்றல் நன்றாக இருக்கும்போதே லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்ற அந்தப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதிதான். நினைவு தப்பிய பிறகு நீதிமன்றம் போக வேண்டியிருக்கும், செலவும் காலமும் பல மடங்கு.

நம் வீடுகளில் மட்டும் வரும் சில சிக்கல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஊரில் உள்ள காணியும் வீடும்: யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ அம்மா பெயரில் சொத்து இருந்தால் அதுவும் கணக்கில் வரும். மறைக்காதீர்கள். ஆனால் அண்ணன் தம்பிகளோடு பிரிக்காத குடும்பக் காணியில் ஒரு பங்குதான் என்றால், முழுக் காணியின் விலையைப் பங்காளிகளின் எண்ணிக்கையால் வகுத்து எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். அந்த ஒரு பங்கை மட்டும் விலைக்கு வாங்க ஒருவர் எவ்வளவு கொடுப்பார் என்பதுதான் கேள்வி. பல இடங்களில் அது மிகக் குறைவாகவே இருக்கும்.

நகை: தாலிக்கொடி, வளையல், காப்பு எல்லாம் சொந்தப் பாவனைப் பொருட்கள், கணக்கில் வராது. பராமரிப்புக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகவே பணத்தை நகையாக மாற்றினால் வரும்.

கூட்டுக் கணக்கு: வசதிக்காக அம்மாவின் கணக்கில் மகன் பெயரைச் சேர்த்திருப்பீர்கள். பொதுவாகப் பாதிப் பாதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பணம் உண்மையில் யாருடையது என்று ஸ்டேட்மென்ட்டைக் காட்டி நிறுவலாம். அதைவிட எளிது, மதிப்பீட்டுக்கு முன்பே தனித்தனிக் கணக்காகப் பிரித்துவிடுவது.

சீட்டு: மாதாமாதம் ஒரே தொகை ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போவதைப் பார்த்தால் அதிகாரி அன்பளிப்பு என்றே நினைப்பார். எத்தனை பேர் சீட்டு, மாதம் எவ்வளவு, எப்போது எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்குக் கொடுத்த பணம்: பேத்தி கல்யாணத்துக்குப் பெருந்தொகை கொடுத்திருந்தால், கட்டணத்தைத் தவிர்க்கத்தான் கொடுத்தீர்களா என்று கேட்கலாம். கொடுத்த நேரத்தில் பராமரிப்பு தேவைப்படும் என்று எதிர்பார்க்க முடிந்ததா, எதற்காகக் கொடுத்தார் என்பதைத்தான் கவுன்சில் பார்க்க வேண்டும். "ஏழு வருஷம் தாண்டினால் கேட்க முடியாது" என்று விசேஷ வீடுகளில் சொல்வார்கள். அது வாரிசு வரிக்கான கணக்கு, இதற்குச் செல்லாது.

அப்புறம் ஒன்று, உங்கள் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. மதிப்பிடப்படுவது பராமரிப்பு பெறுபவர் மட்டும்தான். அம்மா உங்கள் வீட்டில் இருந்தாலும் மகனின் வருமானத்தைக் கேட்க உரிமையில்லை, கணவன் மனைவியையும் சேர்த்து மதிப்பிட முடியாது. அதேபோல பில்லுக்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள் என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெற்றோரை விசாவில் அழைத்து வந்தவர்கள் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள். அரசு நிதி பெறக் கூடாது என்ற நிபந்தனை, அடுத்துச் சொல்லப்போகும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகைக்கும் பொருந்தும்.

4. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்

பென்ஷன் வயதைத் தாண்டியவருக்கு அன்றாட வேலைகளில் உதவி தேவைப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். 2025–26இல் வாரம் 73.90 பவுண்ட், இரவும் பகலும் தேவை என்றால் 110.40. வருமானம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை. போன் செய்து ஃபார்ம் கேட்டு, ஆறு வாரத்துக்குள் அனுப்பிவிட்டால் போன் செய்த நாளிலிருந்தே கணக்கிடுவார்கள்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. முடிவு வர மாதங்கள் ஆகலாம், பழைய பாக்கி மொத்தமாக வங்கியில் விழும். அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். கவுன்சில் இதையும் வருமானமாக எடுத்துக்கொண்டு, அதே தேதியிலிருந்து கட்டணத்தைத் திருத்திக் கேட்கும். கிடைத்ததும் நீங்களே கவுன்சிலுக்குச் சொல்லிவிடுங்கள்.

5. கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250க்குக் கீழ் என்றால் சேமிப்பைத் தொட மாட்டார்கள். நடுவில் இருந்தால் 14,250க்கு மேல் உள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்ட் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் இருந்தபடி பராமரிப்பு பெறும்போது அவர் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது.

பென்ஷன் வயதில் தனியாக மதிப்பிடப்படுபவர் கையில் 2025–26இல் கட்டணம் போக வாரம் குறைந்தது 232.60 பவுண்ட் மிஞ்ச வேண்டும். வாடகை, கவுன்சில் டாக்ஸ் அவர் கட்டுவதாக இருந்தால் அதையும் தனியே கழிக்க வேண்டும்.

மகனோடு வசிக்கும் ஒரு விதவைத் தாயை எடுத்துக்கொள்வோம். சேமிப்பு சில ஆயிரம் மட்டும். அரசு பென்ஷனும் பென்ஷன் கிரெடிட்டும் சேர்ந்து 227.10. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் 73.90. மொத்தம் 301. அதில் 232.60 போனால் 68.40. கேரருக்கு வாரம் 200 பவுண்ட் ஆனாலும் 300 ஆனாலும் இவர் கட்ட வேண்டியது அதிகபட்சம் 68.40தான். மீதியைக் கவுன்சில் போடும்.

இதுகூட இறுதித் தொகை அல்ல.

6. உடல்நிலையால் ஆகும் செலவுகளைக் கழிக்கச் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். அட்டெண்டன்ஸ் அலவன்ஸை வருமானமாக எடுத்துக்கொண்டால், நோயாலும் இயலாமையாலும் ஆகும் கூடுதல் செலவைக் கழிக்க இடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கடிதங்களில் டிஆர்இ (டிசபிலிட்டி ரிலேட்டட் எக்ஸ்பெண்டிச்சர்) என்று இருக்கும். ஃபார்மில் ஒரு சின்னப் பெட்டியாக வரும், பலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

என் மாமியாரின் சமையலறை மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்து எல்லா ரசீதையும் அதில் போடத் தொடங்கினோம். என்ஹெச்எஸ் கொடுப்பது போதாமல் வாங்கிய, சிறுநீர்க் கசிவுக்கான பேட்கள். தினமும் படுக்கை விரிப்பு துவைப்பதால் கூடிய மின்சாரமும் சோப்புத் தூளும். நாள் முழுக்க ஓடும் ஹீட்டர். மருத்துவர் சொன்ன தனி உணவு. விழுந்தால் அழுத்தும் அவசர பட்டனின் மாதச் சந்தா. கால் நகம் வெட்ட வருபவருக்குக் கொடுப்பது. மருத்துவமனைக்கு டாக்சி. தோட்டம் சீர்செய்ய ஆள். எல்லாவற்றையும் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொன்றையும் ஏன் தேவை என்ற ஒரு வரியோடு எழுதினால் ஏற்பது கூடும். "எங்களிடம் நிலையான பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாததைக் கழிக்க மாட்டோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன தாய்க்கு வாரம் 20 பவுண்ட் கழிவு கிடைத்தால் கட்டணம் 48.40 ஆகிறது. வருடத்துக்கு 1,040 பவுண்ட் மிச்சம்.

7. கவுன்சிலின் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

நிதி மதிப்பீடு முடிந்ததும் அதை எழுத்தில் தர வேண்டியது சட்டக் கடமை. எப்படி மதிப்பிட்டார்கள், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, தொகை கூடிக் குறைந்தால் ஏன் என்பதெல்லாம் புரியும்படி இருக்க வேண்டும். வெறும் தொகை மட்டும் வந்தால் கணக்குத் தாளைக் கேளுங்கள்.

வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: தொடங்கும் தேதி சரியா, இலவச வாரங்களைச் சேர்த்துவிட்டார்களா? கையில் மிஞ்ச வேண்டிய தொகை அந்த வருடத்துக்கு உரியதுதானா? கழிவுப் பகுதியில் பூஜ்யம் போட்டிருக்கிறார்களா?

ஏப்ரலில் புதிய கடிதம் வரும். பென்ஷன் கூடியிருக்கும், கட்டணமும் கூடியிருக்கும். ரசீது டப்பாவை மறுபடி திறக்க வேண்டிய மாதம் அது.

8. பில்லும் கேரர் நோட்டும்

கேரர் வந்து போகும் நேரத்தை வீட்டில் உள்ள நோட்டிலோ ஆப்பிலோ பதிவார்கள். நோட்டில் 7.40 முதல் 7.55 வரை என்று இருக்கும், பில்லில் அரை மணி நேரம் என்று இருக்கும். மாதம் ஒருமுறை பக்கங்களைப் போன் கேமராவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுச் செலவையும் தானே கட்டுபவருக்கு இது நேரடிப் பணம்.

வாரம் 48.40 மட்டும் கட்டுபவருக்கு விஷயம் வேறு. ஒரு நாள் கேரர் வராவிட்டாலும் அந்த வாரச் செலவு 48.40க்கு மேல்தான் இருக்கும், அதனால் பில் குறையாது. இது தெரியாமல் பலர் கவுன்சிலோடு சண்டை போடுகிறார்கள். ஆனால் மருத்துவமனையில் இருந்த வாரங்களுக்கும் ஊருக்குப் போயிருந்த வாரங்களுக்கும் பில் வந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். போகும் முன் எத்தனை நாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் 28 நாள் தாண்டினால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் நின்றுவிடும். கட்டணக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றச் சொல்ல வேண்டும்.

9. பில் தவறு என்று பட்டால்

கட்டாமல் சும்மா இருந்துவிடாதீர்கள். சரி என்று நினைக்கும் தொகையை மட்டும் கட்டிவிட்டு, மீதி தகராறில் இருக்கிறது என்று எழுதுங்கள். முதலில் மறுபரிசீலனை கேளுங்கள். அதில் தீரவில்லை என்றால் "இது முறையான புகார்" என்ற வார்த்தைகளோடே அனுப்புங்கள். மூன்று வேலை நாளுக்குள் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும்.

புகாரில் தேதிகள்தான் பேச வேண்டும்: கேரர் தொடங்கிய நாள், கட்டணம் பற்றி முதலில் சொன்ன நாள், ஃபார்ம் அனுப்பிய நாள், பில் வந்த நாள். எங்களுக்கு உதவியதும் அப்படி ஒரு பக்கத்தில் போட்ட தேதிப் பட்டியல்தான்.

கவுன்சிலின் பதில் திருப்தி தராவிட்டால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) போகலாம். இலவசம், வக்கீல் தேவையில்லை. பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாததும் நிதி மதிப்பீட்டை இழுத்தடித்ததும் தவறு என்று ஆம்புட்ஸ்மன் பல கவுன்சில்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறார். கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ பரிந்துரைத்ததும் உண்டு. எழுதக் கை வரவில்லை என்றால் ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள் இரண்டிலும் இலவசமாக உதவுவார்கள்.

10. கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) என்றால்

கணக்கு மாறிவிடும், சொந்த வீடும் கணக்கில் வரலாம். மனைவியோ கணவரோ, 60 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினரோ அந்தச் சொந்த வீட்டிலேயே குடியிருந்தால் வராது. மற்றவர்களுக்கு முதல் 12 வாரம் வீட்டை ஒதுக்கி வைக்க வேண்டும், அதற்குப் பிறகும் விற்காமல் கட்டணத்தைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தம் கேட்கலாம். கவுன்சில் ஒதுக்கும் தொகைக்குள் அடங்கும் ஓர் இல்லமாவது காட்டாமல், மேலதிகத் தொகையைப் பிள்ளைகள் போட வேண்டும் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

11. கவுன்சிலில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு

லண்டன் கவுன்சில்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதல் போன் அழைப்பிலேயே "இதற்குக் கட்டணம் இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். சரியான தொகை தெரியாவிட்டாலும், இவ்வளவுக்குள் வரும் என்ற உத்தேசம் போதும், குடும்பம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். இலவச வாரம் முடியும் தேதியைக் கேரர் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கணக்கை ஒரே பக்கத்தில், வருமானம், கழிவு, மீதி என்று மேலிருந்து கீழாகக் காட்டுங்கள். கழிக்கக்கூடிய செலவுகளை உதாரணங்களோடு நீங்களே கேளுங்கள், வெற்றுப் பெட்டியை அனுப்பாதீர்கள். உங்கள் தாமதத்தால் சேர்ந்த பாக்கியை ஒரே கடிதத்தில் கேட்காமல் தவணை எவ்வளவு முடியும் என்று முதலில் கேளுங்கள்.

தமிழில் மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரத்தைவிட மொழிபெயர்ப்பாளரோடு பத்து நிமிட போன் பேச்சு அதிகம் உதவும் என்பது என் அனுபவம். வயதானவர்கள் தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். போனில் பேசினால் கேள்வி கேட்பார்கள், பதிலும் அவர்களுக்கு நினைவிருக்கும். பேசி முடித்ததும் அதே தொகையையும் தேதியையும் பிள்ளைக்கு ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள்.